ஒற்றை சீட்டுக் காடி

மலேசியாவிலேயே செய்த முதல் கார், சாகா காடி, புதிதாக வந்த வருஷம். எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் ஆளுக்கொன்றுக்குப் பேர் பதிந்துவிட்டு, எந்த நிறம் கிடைக்குமோ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் மச்சான் அழகேசன் மட்டும் அதைக் கேட்டுச் சிரித்தான்.

"சாகா எல்லாரும் வாங்குறது லா. நான் வாங்கப் போறது ரோட்டுலயே ஓடாது."

அவன் என் தங்கை லீலாவதியைக் கட்டியவன். ஒரு காலத்தில் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் நான் டிராக்டர் ஓட்ட, பின்னால் நின்று செம்பனைக் குலை ஏற்றியவன். இன்று அவனுக்கு ரவாங்கில் மணல் லோரிகள் ஓடுகின்றன. நான் அதே எஸ்டேட்டில் அதே வேலையில் இருக்கிறேன். டிராக்டரைக்கூட ஒரு தடவை மாற்றினார்கள். என்னை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிலாளர் லயத்தில் என் வீட்டு வாசலில் குப்புறப் படுத்திருந்தேன். என் பெண்டாட்டி வள்ளியம்மா முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழகேசனின் பெரிய காடி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"கெளம்பு மச்சான். பந்தயக் காடி பாக்கப் போறோம். நீதான் கூட வரணும்."

வள்ளியம்மா என் காதருகே குனிந்து, "போவாத. போய்ட்டு வந்து ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிவ" என்றாள்.

அவள் சொன்னது சரி. அவன் வீட்டுக்கு டெலிவிஷன் வாங்கியபோதும் என்னைத்தான் கூட்டிப்போனான், வாசலுக்கு இரும்புக் கேட் போட்டபோதும் என்னைத்தான். யோசனை கேட்பதற்கு இல்லை. அவன் வாங்குவதை நான் பார்க்க வேண்டும். நான் பார்க்காவிட்டால் அவனுக்கு வாங்கிய மாதிரியே இருக்காது. தெரிந்தும் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

போனதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நானும் அவனும் ஒரு தடவை பத்து தீகா பந்தயத் திடலுக்குப் போய்ப் புல்மேட்டில் நின்று பார்த்திருக்கிறோம். அந்தத் தார் ரோட்டில் ஒரே ஒரு சுற்று நான் ஓட்ட வேண்டும் என்று அன்றைக்கு மனசில் விழுந்தது. அது இத்தனை வருஷத்தில் போகவே இல்லை. வேறு எதையும் நான் அவனிடம் ஆசைப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இதுதான் பெரியது.

காடியில் போகும்போது அவனே சொன்னான்: "வாங்கினா ஒனக்கும் ஒரு சுத்து உண்டு மச்சான். ஞாயித்துக்கிழம சும்மா வெளையாடத்தானே வாங்குறேன்."

பட்டறை ஷா ஆலாமுக்குப் போகும் வழியில் இருந்தது. பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே இரண்டு காடிகளைக் காட்டினார். முதலாவது, சாதாரண நாலு கதவுக் காடி. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப்போட்டு, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, பக்கத்தில் இன்னொரு சீட்டும் வைத்திருந்தார். எல்லாம் அவர் பட்டறையில் வெட்டி ஒட்டியது. நம்பர் பிளேட் இருந்தது. அதிலேயே ரோட்டில் வந்து, பந்தயம் ஓட்டிவிட்டு, அதிலேயே வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவதைக் காடி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. என் முழங்கால் உயரம்தான். சக்கரங்கள் நாலும் உடம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டயர் வழவழவென்று மொட்டையாக இருந்தது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, கதவு இல்லை. நடுவில் ஒரே ஒரு சீட்டு. இங்கிலாந்தில் பேக்டரியிலேயே பந்தயத்துக்கென்று கட்டி அனுப்பியது, ஒரு ஸ்குரூவைக்கூட நாங்கள் மாற்றவில்லை என்று தவுக்கே மலாயில் சொன்னார்.

"ஜாலான் தா போலே" என்று விரலை ஆட்டினார். ரோட்டில் கூடாதாம்.

அழகேசன் சுற்றிச் சுற்றி வந்தான். "சாமி படம் எங்க லா வைக்கிறது?" என்றான். பிறகு கூண்டுக் காடியைப் பார்த்தான். "அதுல ஒன்னையும் பக்கத்துல ஒக்கார வச்சிக்கலாம் மச்சான்."

எனக்கு வயிறு எரிந்தது. அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு போவேன். லோரிக் கிளீனர் மாதிரி, பத்து தீகா முழுக்க அவன் கிளிந்தானாகப் போவேன். இறங்கும்போது கதவைச் சாத்திவிடுவேன். அதுதான் என் சுற்றாக முடியும். ஒற்றை சீட்டை வாங்கினால், அவன் இறங்கியே ஆக வேண்டும். அப்போதுதான் நான் ஏற முடியும்.

அவனை எந்த இடத்தில் தொட்டால் துள்ளுவான் என்று எனக்குத் தெரியும்.

"ஒனக்குக் கதவு வச்சதே போதும் மச்சான்" என்றேன். "இது ஒல்லிப் பசங்க ஏறுறது. நீ ஒரு மொதலாளி. இதுல எல்லாம் மொடங்கிக் கெடக்க முடியுமா?"

உடனே சப்பாத்தைக் கழற்றினான். ஒரு காலை விட்டான், மறு காலை விட்டான், இறங்கினான். இடுப்பு வரைக்கும் போனது. வயிறு போகவில்லை. மூச்சை இழுத்து இன்னும் கொஞ்சம் இறங்கினான். அப்புறம் மேலேயும் வர முடியவில்லை.

"புடிங்கடா!"

பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். சட்டைப் பொத்தான் தெறித்து ஓடியது. தவுக்கே சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பி, என்னைப் பார்த்துவிட்டார். "லூ சூபா" என்றார். நீ முயன்று பார் என்று.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். காடி என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. சாய்ந்து படுத்த மாதிரி உட்கார்ந்தேன். தோள் இரண்டும் பக்கத்துத் தகட்டைத் தொட்டன. பாதம் பெடலில் தானாகப் போய் நின்றது. டிராக்டரின் இரும்பு சீட்டில் குலுங்கிக் குலுங்கிக் கெட்டுப்போன முதுகு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கேயும் வலிக்கவில்லை.

தலையைத் தூக்கி அழகேசனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொத்தான் போன சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்திருந்தான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். அவன் வீட்டுக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் லயத்துக் கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்தான். இருக்கட்டும், இன்றைக்கு நீ கொஞ்சம் பட்டுப் பார் என்று, நான் வேண்டுமென்றே ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினேன்.

"எறங்கு" என்றான். இறங்கினேன்.

அவன் தவுக்கேயிடம் ஒற்றை சீட்டைக் காட்டினான். "இதத்தான் எடுக்குறேன்."

"லூ தா மாசோக்!" என்று தவுக்கே கையை விரித்தார். நீ உள்ளேயே போகமாட்டாயே என்று.

"எளச்சிட்டு ஏறுறேன். அதுவரைக்கும் என் கொட்டாயில கெடக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சுற்று என்று சொன்னதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அழகேசன் எந்த வண்டி வாங்கினாலும் எங்கள் எஸ்டேட் முனியாண்டி கோயிலில் பூஜை போடாமல் சாவியைத் தொடமாட்டான். முதல் லோரிக்கு அங்கேதான் போட்டான். இதையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பலகை சாய்த்து அதைச் செம்மண்ணில் இறக்கினார்கள். லயமே கூடிவிட்டது.

பூசாரி அப்பளசாமி சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தார். "மொதலாளி, நம்பர் பிளேட்டும் காணோம், லைட்டும் காணோம். பொட்டு எங்க வைக்கிறது?"

"மூக்குல வைங்க."

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டிக்காரர் ஏறி முன்னால் நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும். அதுதான் வழக்கம். அழகேசன் இந்த நாட்களில் சோற்றைக் குறைத்திருந்தான் என்று லீலாவதி சொல்லியிருந்தாள். எல்லாரும் பார்க்க ஏறினான். அதே இடுப்பில் நின்றான்.

"தேங்காண்ணெய் தடவுங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு பரவியது. அழகேசன் காதெல்லாம் சிவக்க வெளியே வந்தான்.

அப்பளசாமி சமாளித்தார். "வீட்டு மனுசங்க யாரு ஏறினாலும் சரிதான் மொதலாளி. மச்சினன் இருக்காரே, முருகையா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றி ரொம்ப நேரமாகியிருந்தது.

அழகேசன் என் பக்கம் திரும்பவே இல்லை. "லீலா, நீ ஏறு" என்றான்.

"நானா?" என்றாள் தங்கை. ரவாங்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் காடியில் கொண்டுபோய் விடுகிறாள். சேலையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். என் உடம்புதானே அவளுக்கும். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தாள். என் கூடப் பிறந்தவள் மேல் எனக்குப் பொறாமை வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் அவள் புருஷன் மேல் மட்டும்தான் இருந்தது.

இஞ்சின் அலறியது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். காடி ஒரு குதி குதித்தது. பழம் நாலும் நசுங்கின. அத்தோடு நிறுத்த வேண்டும். அவள் நிறுத்தவில்லை.

"அடியே, நிறுத்து!" என்று அழகேசன் கத்தினான். அவள் ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டு, செம்பனை நிரைக்கு நடுவே டிராக்டர் பாதையில் போனாள். கொஞ்ச தூரம்தான். அந்தப் பாதையில் டயர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. தாழ்ந்த காடி அந்த மேட்டில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் சும்மா சுழன்றன.

ஓடிப்போய்ப் பார்த்தோம். லீலாவதி மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே காடியிலிருந்து வெளியே ஏறி வந்தாள். "அண்ணே, எப்பா! பறக்குதுண்ணே!"

என்னால் அவளோடு சிரிக்க முடியவில்லை.

லயத்து ஆட்கள் பலகையைக் கொடுத்துத் தூக்கி, ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும் மறு பக்கத்தைப் புல் ஓரத்திலும் வைத்தார்கள். அடியில் கீறல்தான், வேறு சேதமில்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால், திருப்ப இடமில்லை. அந்தக் காட்டை ஒரு சுற்று சுற்றித்தான் கோயிலுக்கு வர வேண்டும்.

"நான் ஓட்டிட்டு வந்துர்றேன். இந்தப் பாதை எனக்குத் தெரியும்" என்றேன்.

"இஞ்சின் போடக்கூடாது" என்றான் அழகேசன். "டிராக்டர்ல கட்டி இழுக்கலாம். லீலா ஸ்டீரிங்கப் புடிக்கட்டும்."

"நான் மாட்டேன். மறுபடியும் மேட்டுல ஏத்திருவேன்" என்றாள் அவள். "அண்ணன ஏறச் சொல்லுங்க. ஒங்களால முடியாதுல்ல."

அவன் பல்லைக் கடித்தான். வேறு வழியில்லை. நான் டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி மாட்டினேன். அழகேசன் டிராக்டரில் ஏறினான். ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான், அவன் மறக்கவில்லை. நான் காடியில் இறங்கிப் படுத்தேன்.

அவன் நத்தை மாதிரி இழுத்தான். வேண்டுமென்றே செய்தான். என் கண்ணுக்கு நேரே டிராக்டரின் பெரிய டயர், அதற்கு மேலே அவன் வெள்ளைச் சட்டை முதுகு. பத்து தீகா இல்லை, தார் ரோடு இல்லை, இஞ்சினும் இல்லை. இதுதானா என் சுற்று?

மூலை திரும்பியதும் பழைய ரப்பர் காட்டுப் பக்கம் பாதை இறங்கும். அங்கே சங்கிலி தொய்ந்தது. காடி தன் பாரத்தில் உருண்டது. நான் சுவிட்சைத் தட்டி, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். முதுகுக்குப் பின்னால் இஞ்சின் பற்றிக்கொண்டது.

அழகேசன் திரும்பிப் பார்த்தான். வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் டிராக்டரை முடுக்கினான், சங்கிலி இறுகியது. நான் மிதித்தேன், தொய்ந்தது. அவன் இன்னும் முடுக்கினான். கறுப்புப் புகை என் முகத்தில் அடித்தது. நான் விடவில்லை. புல்லும் செம்மண்ணும் பறக்க, ஒரு சங்கிலியில் கட்டிய இரண்டு வண்டியும் கோயிலுக்கு வந்து நின்றன. லயம் கைதட்டியது, யாருக்கென்று தெரியவில்லை.

அழகேசன் குதித்து இறங்கி வந்தான். முகமெல்லாம் வேர்வை, அதற்குள் ஒரு சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவனை அப்படி நான் பார்த்ததில்லை. டிராக்டர் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இஞ்சின் போடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? எறங்கு."

"நீ ஏறு, நான் எறங்குறேன்."

அவன் சீட்டைப் பார்த்தான், தன் வயிற்றைப் பார்த்தான். நான் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னொரு சுத்து" என்றேன். "இந்தத் தடவ சங்கிலி இல்லாம."

"சங்கிலி இருக்கும்" என்றான் அழகேசன். திரும்பிப் போய் டிராக்டரில் ஏறினான்.