மாமா உட்கார்ந்து பார்த்த சக்கரங்கள்

நான்கு மாதமாக என் மாமனார் என் காரில் ஏறவில்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு விஷயத்தைப் பேசாமலேயே எவ்வளவு காலம் மரியாதையாக இருந்துவிட முடிகிறது!

காரணம் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடப் பழைய கார் அது. ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கி, அகலமான சக்கரங்களை மாட்டியிருந்தேன். குடும்பத்தோடு போன ஒருநாள், ஒவ்வொரு வேகத்தடையிலும் பின் டயர் மட்கார்டில் உரசிக் கர்ரென்று கத்தியது. “மாமா, கொஞ்சம் மூச்ச இழுத்துப் புடிச்சுக்குங்க” என்று அவருடைய பருமனைக் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாளிலிருந்து பேருந்துதான். கேட்டால், “நடக்கறது உடம்புக்கு நல்லது” என்பார்.

இப்போது டயர்கள் தேய்ந்துவிட்டன. டயர்க்கடையை நடத்தும் அக்கா, நான் ஆசைப்பட்ட பதினேழு அங்குலப் பளபளப்புச் சக்கரங்களை மாட்டி, இடுக்கில் விரலை விட்டுக் காட்டினார்.

“விரல் போகுது தம்பி. கச்சிதம்.”

எங்களைப் போன்ற கார் பைத்தியங்கள் இப்படித்தான் அளவு பார்ப்போம். காலி வண்டி, ஒரு விரல், ஒரு புகைப்படம், அவ்வளவுதான். பின்சீட்டில் மனிதர்கள் உட்காருவார்கள் என்பது யாருக்கும் தோன்றாது. நான் குனிந்து அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன, சக்கரத்துக்கு ஜோசியம் பாக்குறீங்களா?”

“பின்னாடி ஆள் உக்காந்தா உரசுமாக்கா?”

“எத்தனை பேரு?”

“எங்க மாமா ஒருத்தர் போதும்.” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் அதே கேலி.

“அப்ப அவரையே கூப்பிடுங்க. உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.”

போன் செய்தேன்.

“மாமா, டயர்க்கடைக்கு வர முடியுமா?”

“ஏன், வண்டி நின்னுடுச்சா? தள்ளணுமா?”

“இல்ல. நீங்க ஏறி உக்காரணும்.”

“எடை போடவா மாப்பிள்ளை?”

“இல்ல மாமா. நீங்க ஏற முடியாத வண்டிய வெச்சிருக்கேன். அதைச் சரி பண்ணணும்.”

அரை மணி நேரத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு பேருந்திலிருந்து இறங்கினார். பின்சீட்டில் உட்கார்ந்தார். அக்கா குனிந்து டார்ச் அடித்தார்.

“இடிக்குது.”

மாமா முகம் சுருங்கியது. கதவைத் திறக்கப் போனார்.

“இருங்க ஐயா, எங்க ஓடுறீங்க? ஒங்க மேல என்ன தப்பு? வீல் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. ஒல்லியான ஆளு ரெண்டு பெட்டியோட ஏறினாலும் இதே கதைதான். இப்படிப் பண்ணி வெச்சவரு இங்கதான நிக்கிறாரு!”

“தப்பு என்னுதுதான் மாமா” என்றேன். இந்த மூன்று வார்த்தைக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

மாமாவை இறக்கிவிட்டு, அடுத்து அக்கா பின்பக்கம் மட்டும் மாட்டிக் காட்டியவை பதினைந்து அங்குலம். சாம்பல் நிறம், உள்ளடங்கி நிற்பவை; டயரும் அகலம் குறைவு. மாமா சுற்றி வந்து பார்த்தார்.

“இதுல களையே இல்லையே மாப்பிள்ளை. அந்தப் பளபளாவே இருக்கட்டும். நான் முன்னாடி உக்காந்துக்கறேன்.”

“வேணாம் மாமா. பின்னாடியே ஏறுங்க. கால நீட்டி உக்காருங்க.”

கடைக்கு எதிரே இருந்த வேகத்தடையில் மூன்று முறை ஏற்றி இறக்கினேன். அவர் ஜன்னலில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. “இன்னொரு தடவ போங்க” என்றார். போனேன். “நாலு பக்கமும் இதையே மாட்டிடுங்க” என்று அக்காவிடம் சொன்னேன்.

வீடு திரும்பும்போது பேருந்து நிறுத்தங்களை ஒவ்வொன்றாகத் தாண்டினோம். மூன்றாவதைத் தாண்டியதும், மாமா வெளியே பார்த்தபடியே சொன்னார்:

“வியாழக்கிழமை பத்து மணிக்குக் கண் டாக்டரப் பாக்கணும்.”

“ஒம்பதரைக்குக் கெளம்பிடலாம் மாமா.”