அட்வோகி சொன்னதாக நான் சொன்னவை

ஐந்தரைக்கு எழுவேன். அடுப்பைப் பற்றவைப்பேன். பால் டின்னில் இரண்டு துளைகள் இருக்கும். எறும்பு ஏறியிருந்தால் எடுத்துப் போடுவேன். கெட்டிப்பால் மூன்று கரண்டி, வெந்நீர் ஒரு குவளை. சில நாள் நான்கு கரண்டி. அளவு எனக்குச் சரியாகத் தெரியாது. கலக்கி மரச்செம்பில் ஊற்றி மூடி, அரசரின் அறைக்குக் கொண்டுபோவேன். முழங்காலிட்டு வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். அரசர் குடிப்பதை யாரும் பார்க்கக் கூடாது. சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் நீளும்.

குடிக்கும் சத்தம் நிற்கும். பிறகு கேட்பார்.

"அட்வோகி எங்க?"

"வந்துடுவா, அமோட்டி."

"பால் தண்ணியா இருக்கு. இது அவ கலக்கினது இல்ல."

"ஆமா, அமோட்டி. நான்தான் கலக்கினேன்."

"என்ன சொல்லிட்டுப் போனா?"

நான் ஏதாவது சொல்வேன்.

அட்வோகி என் மனைவி. ஞானஸ்நானப் பெயர் கெசியா. எங்கள் ஊரில் அந்தப் பெயரால் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடுவதற்கென்று வேறு பெயர் உண்டு. அவளுக்கு அட்வோகி, எனக்கு அராலி. அரசருக்கு அமோட்டி.

அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. காய்ச்சல். துறைமுகத்து ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் அனுப்பினோம். அரசரைத் தனியே விட்டுவிட்டு நான் போகக் கூடாது என்பது உத்தரவு. நான் போகவில்லை. மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால், சீமைப்பலா மரத்தடியில் புதைத்தார்கள்.

எங்கள் ராஜ்யத்தில் அரசர் முன்னால் சாவைச் சொல்லக் கூடாது. நோயையும் குழியையும்கூடச் சொல்லக் கூடாது. மகனைப் பறிகொடுத்த தலைவர்கள் அன்றைக்கே அரசவைக்கு வந்து மாடுகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்களாம். அதனால் அன்று மாலை அவர் கேட்டபோது, "சந்தைக்குப் போயிருக்கா" என்றேன். மறுநாள் காலையும் கேட்டார். மீன் காயவைக்கப் போயிருப்பதாகச் சொன்னேன்.

அரசர் ருபோங்கோயா ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவில் எங்கள் ஏரிக்கரை முழுவதையும் ஆண்டவர். ஆங்கிலேயரோடு ஐந்து வருடம் சண்டை போட்டுத் தோற்றார். பிடித்துக்கொண்டுவந்து இந்த சேஷெல்ஸ் தீவில் வைத்தார்கள். பதினெட்டு வருடம் ஆகிறது. வரும்போது முப்பது பேர் கூட வந்தார்களாம். சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறார்கள். நான் இரண்டு வருடத்துக்கு முன் மொழிபெயர்ப்பாளனாக வந்தேன். மிஷன் கல்லூரியில் படித்தவன், அப்போதுதான் கல்யாணமானவன். என் மாமனார் அரசரின் மாடுகளை மேய்த்தவர். "எனக்குப் பால் கொடுக்க உன் மகளை அனுப்பு" என்று அவருக்கு அரசரே செய்தி அனுப்பியிருந்தார். உண்மையில் வரவேண்டியவள் அவள்தான். அவளோடு வந்தவன் நான்.

ஏழு மணிக்குக் காவல்காரன் ஒனெசிம் வருவான். அரசரைக் கண்ணால் பார்த்துவிட்டு நோட்டில் "இருக்கிறார்" என்று எழுதிக்கொள்வான். படித்தவன் என்பதால் என்னை வாத்தியாரே என்பான்.

"என்ன வாத்தியாரே, உங்க ராஜா இன்னிக்கும் ஓடிப்போகலயா?"

"அவருக்கு நீந்தத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. அதான் நானும் இங்கயே கிடக்கேன்."

செவ்வாய்க்கிழமை அவன் ஒரு கடிதத்தோடு வந்தான். அரசரின் வயதை முன்னிட்டு அவர் ஊர் திரும்ப அனுமதி. வெள்ளிக்கிழமைக் கப்பல். மொழிபெயர்ப்பாளர் உடன் செல்லலாம். அந்தக் கப்பலில் ஏறாவிட்டால் அனுமதி ரத்து. இனிமேல் மனு ஏற்கப்படாது.

அரசருக்கு வாசித்துச் சொன்னேன். அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"மூணு பேருக்கு இடம் இருக்கா?"

"ரெண்டு பேருக்குத்தான், அமோட்டி."

"அப்ப நான் ஏறல. அட்வோகி வரட்டும்."

வெளியே வந்தேன். ஒனெசிம் கதவருகிலேயே நின்றிருந்தான். எங்கள் மொழி அவனுக்குத் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"சொல்லித் தொலைய வேண்டியதுதான வாத்தியாரே?"

"அவர் முன்னால சொல்லக் கூடாது."

"ராஜ்யமே போயிடுச்சு. சட்டம் மட்டும் இருக்கா?"

"அது மட்டும்தான் இருக்கு."

"இங்க செத்தா, இங்கதான் புதைப்பாங்க. பதினெட்டு வருஷமா அந்தாளு அழுதது அது நடக்கக் கூடாதுன்னுதான். தெரியும்ல?"

"தெரியும்."

"நெசமாவே அவருக்கு விஷயம் தெரியாதா? யாரு யாரை ஏமாத்துறீங்கன்னு எனக்குப் புரியல."

"எனக்கும் புரியல" என்றேன்.

அது உண்மை. சில காலைகளில் அரசர் என்னை என் அப்பாவின் பெயரால் கூப்பிட்டார். பதினெட்டு வருடத்துக்கு முன் நடந்த போருக்கு ஆள் அனுப்பச் சொன்னார். வேறு சில காலைகளில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எல்லாம் தெரிந்தவர்போல இருந்தார்.

என் பக்கமும் தெளிவாக இல்லை. நான் ஏழு மாதமாக அட்வோகியின் பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அவர் மருந்து குடிக்க மறுத்தால், "குடிக்கணும்னு அட்வோகி சொன்னா" என்பேன். குடித்துவிடுவார். "கடற்கரை வரைக்கும் நடக்கச் சொன்னா" என்பேன். நடப்பார். மழையைப் பற்றி, பலாக்காயைப் பற்றி, ஒனெசிமின் மீசையைப் பற்றியெல்லாம் அவள் சொன்னதாகச் சொன்னேன். முதலில் நான்தான் உண்டாக்குகிறேன் என்று தெரிந்திருந்தது. பிறகு அவள் குரலிலேயே கேட்க ஆரம்பித்தது. மீசையைப் பற்றி அவள் உண்மையாகவே சொன்னாள் என்று இப்போது நினைக்கிறேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அதே பதில். அட்வோகி வரட்டும்.

வெள்ளிக்கிழமை பாலைக் கொண்டுபோனேன். அரசர் கோட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலணிகள் இடது வலது மாறியிருந்தன. கதவருகில் அவருடைய தகரப்பெட்டி கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தது. செம்பை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சத்தம் நின்றது.

"அராலி. இந்தப் பக்கம் திரும்பு."

நான் அசையவில்லை.

"திரும்புடா."

திரும்பினேன். அவர் மேலுதட்டில் பால் ஒட்டியிருந்தது. ஒரு அரசர் வாயில் பால் இருப்பதை நான் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஊருக்குப் போனா நான் முதல்ல எங்க போகணும்?"

"அரண்மனைக்கு, அமோட்டி."

"அரண்மனையில இப்ப யாரோ ஆபீஸ் நடத்துறானாம். அங்க எனக்கென்ன வேலை? மாடு மேய்க்கிறவன் வாசலுக்குத்தான் போகணும். உன் மாமனார் வாசலுக்கு. அங்க போய் என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். எங்கள் ஊர் வழக்கம் அது. கூட அழைத்துப்போனவரை விட்டுத் திரும்பி வந்தால், அவர் கடைசியாகச் சொன்னதை அவர் வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும். ஒரு சொல்லும் மாறக் கூடாது. சொல்லாமல் அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்க முடியாது.

தலையாட்டினேன்.

"ஏழு மாசமா நெறைய சொல்லிட்ட. நல்லாத்தான் இருந்துச்சு. சந்தைக்குப் போறேன்னு அவ சொன்னாளா?"

"இல்ல, அமோட்டி."

"என்னை நடக்கச் சொன்னாளா?"

"இல்ல."

"மீசை?"

"தெரியல, அமோட்டி. நெசமாவே தெரியல."

"நீ ஜோடிச்சதை வச்சுக்கிட்டு அந்த மனுசன் முன்னால நிக்க முடியாது. அவ சொன்னதைச் சொல்லு. இப்பவே கப்பலேறுறேன்."

துறைமுகத்திலிருந்து சங்கு ஊதியது. ஒனெசிம் வண்டியோடு வாசலில் காத்திருந்தான். மாடு தலையை ஆட்டும் மணிச்சத்தம் கேட்டது. அவளை ஏற்றிப்போன அதே வண்டி.

அன்றைக்கு மழை. அவள்மேல் சாக்கு போர்த்தியிருந்தது. அவள் கழுவிக் கொடுத்திருந்த அரசரின் மரச்செம்போடு நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து அரசர் கூப்பிட்டார். நான் பாதி திரும்பிவிட்டேன். வண்டி நகர்ந்தது. அவள் சாக்கை விலக்கி ஏதோ சொன்னாள். அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனைவி கணவனிடம் கடைசியாகச் சொல்வது வேறு ஏதாவதாக இருக்கும் என்று ஏழு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் இல்லை.

அரசர் காத்திருந்தார். ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.

"பாலுக்குத் தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க. அவருக்குத் தெரிஞ்சிடும்."