கிழங்கின் தலை

கிழங்கு தோண்டினால் காட்டு ஆட்களான நாங்கள் தலையைத் தின்ன மாட்டோம். கொடி ஒட்டியிருக்கும் அந்தத் துண்டைக் குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளிவிட்டு வருவோம். மழை பட்டால் மறுபடி கிழங்கு வைக்கும்.

திருப்பாலைவனத்து மிராசுதார் நீலமேகம் காட்டை வெட்டி வயலாக்கக் கூப்பிட்டபோது, முதலில் கோடாரி தூக்கியவன் சடையனாகிய நான்தான். கூலி நெல். உப்பு ஏரியில் இறால் தடவிப் பிடித்தே விரல் தேய்ந்தவனுக்குச் சோற்று ஆசை. என் பெண்டாட்டி கஸ்தூரி வெட்டிய இடத்தில் கிழங்கு தோண்டினாள். வழக்கப்படி தலைகளைக் குழியில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏர் ஓட்டப் போற மண்ணுல இன்னாத்துக்குடி நடுற?"

"வச்சுட்டுப் போறேன். உனக்கு இன்னா நோவுது?"

ஏர் தடுக்கும் என்று நீலமேகம் சொன்னதும் அத்தனை தலைகளையும் நானே பிடுங்கி நெருப்பில் போட்டேன். அவள் ஒன்றை மட்டும் மடியில் ஒளித்துவந்து குடிசைக்குப் பின்னால் நட்டாள். பாலைமரம், தேனடை, உடும்பு, காடை எல்லாம் அந்த மாசத்தோடு போயின. கடைசி மரம் சாய்ந்த அன்று கோடாரி நழுவி என் கணுக்காலில் இறங்கியது. அது முதல் நான் நொண்டி.

மூன்று வருஷம் சோறு தின்றோம், பொய் சொல்லக் கூடாது. நாலாம் வருஷம் வானம் பொய்த்தது. நெல் கருகியது. ஏரி வற்றி உப்புப் பூத்தது. முன்பும் மழை பொய்த்ததுண்டு. அப்போதெல்லாம் பழம் இல்லையென்றால் கிழங்கு, கிழங்கு இல்லையென்றால் உடும்பு என்று காடு எதையாவது கொடுத்தது. வயலுக்குத் தெரிந்தது நெல் ஒன்றுதான். நீலமேகம் களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டார். அவரை மட்டும் சொல்லி என்ன? வெட்டின கை என் கை.

குடிசைக்குப் பின்னால் இருந்த கிழங்கு இரண்டு நாள் வயிற்றுக்கு ஆனது. தலையைக் கஸ்தூரி மறுபடி புதைத்தாள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்ற வெள்ளைக்காரர்களின் கப்பலுக்கு ஆள் பிடிக்கும் தரகன் ஒருவன் கஞ்சி ஊற்றினான். குடித்தவர்கள் அடிமைகளாகக் கடல் தாண்டிப் போனார்கள்; யாரும் திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை. எங்கள் மகள் ராஜம்மாவுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் போன அன்று நாங்களும் அங்கே போனோம். தரகன் என் காலைப் பார்த்தான்.

"நொண்டி வேணாம். பொம்பளையும் பொண்ணும் ஏறட்டும்."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை என்னை விட்டுவிட்டு அவர்களைச் சுட்டது.

கஞ்சி குடித்த பிறகுதான் ராஜம்மாவுக்குக் குரலே வந்தது. "நைனா, நீ வரலியா?" என்றாள். கஸ்தூரி அழவில்லை. படகில் ஏறும்போது சொன்னாள்: "அந்தத் தலையைத் தின்னுடாத. மழை வந்தா மொளைக்கும். நாங்க வந்து தோண்டிக்கிறோம்."

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் அதைத் தோண்டிப் பச்சையாகவே தின்றேன். தொண்டை அரித்தது.

அடுத்த வாரம் மழை பெய்தது. நான் தோண்டிய குழி நிறையத் தண்ணீர் நின்றது.