பஸ்ஸில் போட்ட மார்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில், சாயங்காலம் மணி அடித்ததும் பஸ் கிளம்பிவிடும். திருவள்ளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அதை விட்டால் தொலைந்தார்கள். ரயிலேறி பேசின் பிரிட்ஜ் வரை போய், வண்டி மாறி, மறுபடி செவ்வாப்பேட்டைக்கு வரவேண்டும். வீடு சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒருநாள் கணக்கு நடத்தும் காயத்ரி மேடத்தால் அந்த பஸ் போயே போய்விட்டது. கணக்கை முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அவர் உட்காரவைத்துவிட்டார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஆசிரியர்களுக்கு மார்க் போடும் நாள் வந்தது. யார் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று மாணவர்கள் ஆன்லைனில் ஐந்துக்கு மார்க் போட்டால்தான் ஹால் டிக்கெட். நல்ல ஏற்பாடுதான், யார் குறை சொன்னது? ஆனால் நம் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா! வகுப்புத் தலைவி ஸ்நேகாவிடம் எல்லோரும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் அதுதான் வழக்கம். பஸ்ஸில் உட்கார்ந்தபடி அவளே எல்லோருக்கும் போட்டுவிடுவாள்.

"காயத்ரி மேமுக்கு இன்னாடா போடறது?" என்று கேட்டாள் ஸ்நேகா.

"ஒண்ணு போடு! அவங்களாலதான அன்னிக்கு பேசின் பிரிட்ஜ் வரிக்கும் போய்க்கினு பேஜாராச்சு!" என்று பின்சீட்டிலிருந்து கத்தினான் பென்னி. பஸ்ஸே சிரித்தது. ஸ்நேகாவும் சிரித்துக்கொண்டே அத்தனை பேர் பெயரிலும் ஒன்று போட்டாள். மணவாள நகர் நிறுத்தம் வருவதற்குள் வேலை முடிந்தது.

பரீட்சைக்கு முந்தைய கடைசி வகுப்பு. காயத்ரி மேடம் அன்றும் கணக்கைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அடுத்த செமஸ்டர் நான் இல்லப்பா. நீங்க போட்ட மார்க் கம்மியா இருக்குன்னு என்னை நிறுத்திட்டாங்க. அதுல எனக்குக் கோவமில்ல. எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, அடுத்து எங்க போனாலும் திருத்திக்கறேன்."

பென்னி கவிழ்த்த தலையை நிமிர்த்தவில்லை. தப்பே செய்யாதவர் தன் தப்பைத் தேடுகிறாரே என்று ஸ்நேகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் நேராக முதல்வர் அன்புராஜின் அறைக்குப் போனாள்.

"காயத்ரி மேமை அனுப்பாதீங்க சார். அவங்க நல்லாதான் நடத்துறாங்க."

"இப்ப வந்து சொல்றியேம்மா! கிளாஸ் மொத்தமும் ஒண்ணு போட்டிருக்கே. அத்தனை பேரும் பொய்யா சொல்லுவாங்க?"

"அத்தனை பேரு இல்ல சார். நான் ஒருத்திதான். பஸ்ல குந்திக்கினு எல்லாருக்கும் நானே போட்டேன்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போன வருஷம்?" என்றார்.

"அதுவும் நான்தான் சார்."

"பாக்கியராஜ் சாருக்கும் நீதான் போட்டியா?"

ஆமென்று தலையை ஆட்டினாள் ஸ்நேகா. அதட்டிப் பேசுகிறார் என்று அவருக்கும் ஒன்றுதான் போட்டிருந்தாள். அந்த மார்க்கைக் காட்டித்தான் அன்புராஜ் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"அவர் கிளாஸ்ல ஒரு நாளாவது நான் போய் உக்காந்து பாத்திருக்கணும். கம்ப்யூட்டர் சொன்ன நம்பரைப் பாத்தே ஒரு மனுஷனை அனுப்பிட்டேன்," என்றார் அன்புராஜ். அவள் எதிரிலேயே பாக்கியராஜுக்குப் போன் போட்டார். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக் குரல்.

காயத்ரி மேடத்தின் வேலை தப்பியது. அடுத்த செமஸ்டரில் முதல்வர் வகுப்பு வகுப்பாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். மறுபடி மார்க் போடும் நாளும் வந்தது. பஸ்ஸில் பென்னி வழக்கம்போல் போனை நீட்டினான்.

"என்னுதையும் நீயே போட்டு உட்டுரு ஸ்நேகா."

"மாட்டேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே போடு, யாரு வேணாம்னா? ஆனா நீ போடு. இது ஒருத்தரோட சோறுடா. அவங்க மூஞ்சிய ஒரு தபா நெனச்சுப் பாத்துட்டுப் போடு. பாக்கியராஜ் சாருக்கு நான் நெனச்சுப் பாக்கல."

பென்னி போனை மடியில் வைத்துக்கொண்டு, முதல் கேள்வியை முதல்முறையாகப் படிக்கத் தொடங்கினான்.