வாயு இருந்தது

துத்தநாக உப்பு காய்ச்சும் ஆலையில், கணவன் செத்த தொட்டியிலேதான் அவளுக்கும் வேலை. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறையும். கூடவே அவன் அவள் பிடரிக்குப் பின்னால் நின்று மூச்சுவிடுவதுபோல் இருக்கும். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் செத்தபோது முதலாளி போலீசில் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தார்: "நம்ம வேலையில வாயுவே கிடையாது. குடிச்சிட்டு உள்ள விழுந்துட்டான்." அவன் குடித்தவனே இல்லை.

இப்போது ஒரு பெரிய கம்பெனி காப்புரிமை வாங்கியிருந்தது. அமிலம் ஊற்றும்போது அந்த வாயுவைக் கிளப்பினால், அழுக்கு உலோகம் கறுப்பாகப் படிந்து துத்தநாக உப்பு வெள்ளையாக வரும் என்று. இனி வேறு யாரும் அப்படிக் காய்ச்சக் கூடாதாம். ஆலையை மூட வேண்டியதுதான்.

முதலாளியின் வக்கீல் வேறு வழி பிடித்தார். கம்பெனிக்கு முன்பே அச்சில் வந்த ஆலையின் பழைய செய்முறையில் வாயு என்ற சொல்லே இல்லை. ஆனால் அதன்படி காய்ச்சினால் வாயு தானாக வந்தே தீரும். தெரியாமல் செய்தாலும் செய்ததுதான். அப்புறம் அவர்கள் கண்டுபிடித்தது என்ன?

"ஒவ்வொரு தடவையும் வந்துச்சுன்னு சொல்லுங்கம்மா. ஒரு தடவை வரலைன்னாலும் வழக்கு நிக்காது," என்றார் வக்கீல் அவளிடம்.

"அவர் செத்த அன்னைக்கு?"

"அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?" என்றார் முதலாளி.

"அன்னைக்கு மட்டும் வாயு லீவு போட்டுச்சாங்க?"

கொதிகலன் பார்க்கும் கொழுந்தன் சிரிப்பை விழுங்கினான். வெளியே வந்ததும் கெஞ்சினான்: "அண்ணி, ஆலை போச்சுன்னா நான் எங்க போவேன்?"

காப்புரிமை அலுவலக விசாரணையில் கம்பெனியின் வக்கீல் அவளை அதிகம் கேட்கவில்லை. முதலாளியின் பழைய சத்தியத்தை வாசித்தார். "அன்னைக்கு வாயு இல்லன்னு உங்க முதலாளியே சொல்லியிருக்காரு. அப்ப ஒவ்வொரு தடவையும் வராது, இல்லையா?"

"அது பொய்ங்க. நான்தான் எங்க வீட்டுக்காரரை வெளிய இழுத்தேன். அந்த நாத்தத்துல என் மூக்கும் மரத்துப்போச்சு. வாயு இருந்துச்சு."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். "ரெண்டுல எது உண்மை?"

இல்லை என்றால் ஆலை போகும். இருந்தது என்றால் ஒரு சாவு அவர் தலையில் விழும். முதலாளி தரையைப் பார்த்து முனகினார்.

"இருந்துச்சு."

"கேக்கல," என்றார் எழுத்தர்.

"இருந்துச்சுங்க."

படியிறங்கும்போது கொழுந்தன் குதிக்காத குறை. "ஆலை தப்பிச்சிருச்சு அண்ணி! உனக்கு ஒத்தாசைக்கு என்னையும் தொட்டிக்குப் போடச் சொல்லிக் கேட்கப்போறேன்."

அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் விடவில்லை.