சூடு போகும் பக்கம்

என் தங்கை என்னோடு பேசி இரண்டு வருஷமாகிறது. ஆனால் அவள் கல்யாண வரவேற்புக்கு மூன்றடுக்குக் கேக் மட்டும் என்னிடம்தான் வேண்டுமாம். எனக்கு அழைப்பு இல்லை, ஆர்டர் வந்தது, அதுவும் என் கணவர் மூலமாக. என்ன திமிர் பாருங்கள்! இருந்தும் ஒப்புக்கொண்டேன். கேக் நன்றாக அமைந்தால் ஒரு வார்த்தையாவது பேசமாட்டாளா என்கிற நப்பாசைதான்.

வெண்ணெய் கிரீமில் கடைசி ரோஜாவை வைக்கும் நேரம், ஏசி ஒரு முக்கல் முக்கிவிட்டு நின்றது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். கேக்கோ ஃப்ரிட்ஜுக்குள் நுழையாத உயரம்.

என் வீட்டுக்காரர் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர், சும்மா இருப்பாரா? ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார், கதவடியில் துணி அடைத்தார். "இனி இது தனித்த அமைப்பு. வெளிச் சூடு உள்ள வராது" என்று பீற்றிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிப் போனார். நான் என் பங்குக்கு, அந்த அறையிலேயே இருந்த குட்டி ஃப்ரிட்ஜின் கதவை விரியத் திறந்துவைத்தேன். குளிர் வரட்டுமே!

அறை கொதித்தது. உச்சியிலிருந்த ரோஜாக்கள் தலை சாய்ந்தன. எனக்கு அழுகை முட்டியது.

"ஐயையோ, இதை யாரு திறந்தது?" மெக்கானிக் கிடைக்காமல் திரும்பி வந்தவர் அலறினார்.

"நான்தான். குளிருமேன்னு..."

"அது உள்ள இருக்கற சூட்டை முதுகு வழியா வெளிய தள்ளுது. அந்த வெளியும் இதே ரூம்தானே? கரண்ட்டோட சூடு வேற. நான் மூடினேன், நீ அடுப்பு மூட்டிட்ட!"

"பழையபடி ஆகாதா?"

"தானா ஆகாது. தனித்த அமைப்புல அலங்கோலம் தானா குறையவே குறையாது. என்ட்ரோபின்னு சொல்வோம்."

"நம்ம பீரோவைத் திறந்தாலே அது தெரியுதே! வழியச் சொல்லுங்க."

"ஒரு இடம் தேறணும்னா இன்னொரு இடம் வேகணும்."

இருவரும் ஒரே நேரத்தில் வெளி நடையைப் பார்த்தோம். மூச்சு முட்ட ஃப்ரிட்ஜைத் தள்ளி, திறந்த வாய் அறைக்குள்ளும் முதுகு நடைப் பக்கமும் இருக்கும்படி வாசற்படியில் நிறுத்தினோம். சுற்றி இருந்த இடைவெளியைப் போர்வைகளால் அடைத்தோம். மெல்ல மெல்ல அறையின் சூடு இறங்கியது. நான் ரோஜாக்களை வழித்துவிட்டுப் புதிதாகப் போட ஆரம்பித்தேன்.

பாதிகூட முடியவில்லை, மேல் போர்வை விலகியது. ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது. முழு மணப்பெண் அலங்காரம், கன்னத்தில் மை வழிகிறது.

"அக்கா."

கையிலிருந்த கிரீம் பையைக் கீழே வைத்தேன். "கேக் இன்னும் ஆகலை. டிரைவரை அனுப்பியிருக்கலாமே?"

"கேக்குக்குன்னா அனுப்பியிருப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "உன்னைக் கூட்டிட்டுப் போக வேற என்ன சாக்கு சொல்லி வர்றது? இங்க வேகுதுக்கா, உள்ள விடேன்."

நான் ஃப்ரிட்ஜில் கை வைத்தேன்.

"இழுக்காதே! சூடு மொத்தமும் உள்ள வரும், ரோஜா போயிடும்!" என்று பதறினார் இயற்பியல்.

"போனா போகட்டும், ஒரு கை பிடிங்க" என்றேன்.