எல்லாக் குலத்துக்கும் அண்ணன்

கார் வாசலில் வந்து நின்றபோது பெர்பெட்டுவா வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மகள் ரெஸ்டி முதலில் இறங்கினாள், பின்னாலேயே அவளுடைய மாப்பிள்ளை. பெண்ணின் அப்பாவிடம் முறைப்படி பெண் கேட்டுப் போவதற்கு முன்னால் அத்தையைப் பார்க்க வேண்டுமில்லையா, அந்த முறைக்குத்தான் வந்திருந்தான். கையில் சர்க்கரை, சோப்பு, ஒரு பெரிய மீன்.

அவன் குனிந்து வணங்கி நிமிர்ந்தபோது பெர்பெட்டுவாவின் கையிலிருந்த கத்தி நின்றது.

"அத்தை, இவர்தான் டென்னிஸ் கிகோஸி," என்றாள் ரெஸ்டி. "கம்பாலாவுல ஏஜென்சி வச்சிருக்காரு. நம்ம பொண்ணுங்கள வெளிநாட்டு வேலைக்கு அனுப்புறாரு."

"அப்படியா. உக்காருங்க தம்பி. எந்தக் குலம்?"

"புனுகுப்பூனை, அத்தை. நீங்க வெட்டுக்கிளி. பொருத்தம் பிரமாதம்."

அவன் அவளை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். கண்ணில் ஒரு சின்ன சலனம்கூட இல்லை. அவனுக்கு அவளைத் தெரியவில்லை, கண்ணுகளா. அவன் அனுப்பியது சதையும் சிரிப்புமாக இருந்த ஒருத்தியை. திரும்பி வந்தவள் வேறு ஒருத்தி. அவன் எத்தனை பேரை அனுப்பினானோ, எதற்காக முகங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறான்?

"அத்தைக்கு ரொம்ப வயசாகல போலிருக்கே," என்று அவன் சிரித்தான். "நீங்களும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன். நானே அனுப்பி வைக்கிறேன். நல்ல வீடு, நல்ல எஜமானியம்மா."

"பாக்கலாம் தம்பி," என்றாள் பெர்பெட்டுவா. "முதல்ல கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணத்துக்கு அப்புறம் என்னை ஆபீஸ்ல உக்கார வைக்கப் போறாராம் அத்தை," ரெஸ்டி பெருமையோடு சொன்னாள். "வர்ற பொண்ணுங்ககிட்ட நான்தான் பேசணுமாம். பொண்ணு பேசினா பொண்ணுங்க நம்புவாங்களாம்."

பெர்பெட்டுவா உரித்த காயைத் தண்ணீரில் போட்டாள். அவர்கள் போன பிறகு அந்த மீனை அடுத்த வீட்டு நாய்க்கு வைத்தாள்.

இவனை அவள் முதன்முதலில் பார்த்தது முன்பு மசாகா சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்த காலத்தில். வெட்டுக்கிளிப் பருவம். சந்தை முழுக்க வறுத்த வெட்டுக்கிளி மணம். பக்கத்துக் கடைக்காரி ஒரு பொட்டலம் நீட்ட, தக்காளி வாங்க வந்த ஒருவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "வேணாம்மா. அது எங்க குலம். நாங்க தொடமாட்டோம்." பெர்பெட்டுவா நிமிர்ந்து பார்த்தாள். "நானும் அதே குலந்தான்," என்றாள். "அப்படின்னா நீ என் தங்கச்சி," என்றான் அவன். பெயர் கலிப்பாலா என்றான். அது வெட்டுக்கிளிக் குலத்தார் வைக்கிற பெயர்.

அவ்வளவுதான். வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று அவன் சொன்னபோது, அவன் ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. ஒப்பந்தம் எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு ஒரு நகல் எடுத்து அம்மாவிடம் கொடுத்து வைக்கவில்லை. அங்கே போய் யாரைக் கூப்பிடுவது, நம் தூதரகம் எந்த ஊரில் இருக்கிறது, எதுவும் கேட்கவில்லை. குலத்தைக் கேட்டாள். கூடப்பிறந்தவன் ஏமாற்றுவானா என்ன? அவன் அவளுடைய அம்மாவின் வீட்டுக்கே வந்து, அம்மா காலடியில் உட்கார்ந்து, "உங்க பொண்ணு என் பொறுப்பு" என்று சொன்னான். அம்மா தன் வாழைத்தோட்டத்தில் பாதியை விற்றுக் கொடுத்தாள்.

ஆசுபத்திரியில் துப்புரவு வேலை என்றான். விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டினார்கள். அடுக்களைத் தரையில் படுக்கை. மூன்று மாடி வீட்டை அவள் ஒருத்தி கழுவினாள். உட்கார நாற்காலி கிடையாது, நின்றுகொண்டே மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். சட்டையில் ஒரு மடிப்பு கோணலாக விழுந்ததற்கு, அதே இஸ்திரிப் பெட்டியை அவள் முழங்கையில் வைத்தாள் எஜமானி. ஒரு முறை டிரைவரின் போனைக் கெஞ்சி வாங்கி அந்தக் கலிப்பாலாவைக் கூப்பிட்டாள். "பொறுத்துக்கோ தங்கச்சி, பழகிடும்," என்றான். அடுத்த முறை அந்த எண் எடுபடவே இல்லை. அம்மா செத்துப்போன சேதி, மண் காய்ந்த பிறகுதான் அவளுக்கு வந்தது.

ஓடிப்போய்ப் போலீசில் மாட்டி, ஊருக்கு அனுப்புகிற முகாமில் கிடந்தபோது அங்கே நம் பெண்கள் வேறு சிலரும் இருந்தார்கள். யார் உன்னை அனுப்பியது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள்.

"எங்க குலத்து அண்ணன் ஒருத்தன். மானு," என்றாள் ஸ்பெசியோசா.

"என்னையும் எங்க குலத்து அண்ணன்தான். எறும்புத்தின்னி," என்றாள் கெவினா. "இடது காதுல பாதி இருக்காது. சின்ன வயசுல நாய் கடிச்சதாம்."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். காவல்காரி வந்து கம்பால் கதவைத் தட்டுகிற வரைக்கும் சிரித்தார்கள். அன்று இரவு பெர்பெட்டுவா தூங்கவில்லை. அந்தப் பாதிக் காதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள்.

இப்போது அந்தக் காது அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

அண்ணன் எவரிஸ்த்தோவிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். அவன் மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த புதுக் கூரையின் கீழே உட்கார்ந்திருக்கிறவன். "பழச விடு பெட்டுவா, ஊரு சிரிக்கும்" என்பான். ரெஸ்டியிடம் சொன்னால் அவள் அழுதுகொண்டே அவனிடம் போய்க் கேட்பாள். அவனுக்கா வாயில்லை? வேறு ஒரு கதையோடு வருவான். போலீசுக்குப் போய்ப் பார்த்தவர்கள் கதையும் அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு இடத்தில்தான் அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஊர் கூடிய பந்தலில், பெண் கேட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது. அவள் போனை எடுத்து ஸ்பெசியோசாவைக் கூப்பிட்டாள்.

"விசேஷத்துக்கு உடுத்துற கோமேசி இருக்கா உங்கிட்ட? நல்லதா ஒண்ணு?"

"எதுக்குடி?"

"நம்ம அண்ணனுக்குப் பொண்ணு பாத்திருக்கு."

சடங்கு நாளில் எவரிஸ்த்தோவின் முற்றத்தில் பந்தல்கள் எதிரெதிராக நின்றன. மாப்பிள்ளை வீட்டார் கூடை கூடையாகச் சுமந்து வந்தார்கள். பழம், இறைச்சி, சர்க்கரை மூட்டை, லாரியில் ஒரு காளை. மாப்பிள்ளையே ஏற்பாடு செய்த கேமராக்காரர்கள் குடையின் கீழ் நின்றார்கள். அவன் ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் எல்லாம் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது, வேலைக்குப் பெயர் கொடுத்த பெண்களின் வீட்டார் பார்த்து மகிழ. அந்தப் பெண்களின் தாய்மார்கள் சிலர் அவன் பந்தலிலேயே விருந்தினராக உட்கார்ந்திருந்தார்கள்.

இருவீட்டுப் பேச்சாளர்களும் வழக்கம்போல் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றார் பெண் வீட்டுப் பேச்சாளர். "நாங்க ஆடு விக்கிறதில்லையே."

"ஆடு எங்ககிட்டயே இருக்கு ஐயா. எங்க பையனுக்கு ராத்திரியில தூக்கம் வரல. மருந்து உங்க வீட்டுலதான் இருக்குன்னு டாக்டரு சொன்னாரு."

"உங்க பையன் யாரு? அங்க உக்காந்திருக்கிற எல்லாருமே தூங்காத மூஞ்சியாத்தான் தெரியுது."

பந்தல் சிரித்தது. "எங்க பொண்ணோட அத்தைக்குத் தெரியும். அவங்க வந்து அடையாளம் காட்டட்டும்."

பெர்பெட்டுவா பூவோடு எழுந்தாள். அந்தப் பூவை மாப்பிள்ளையின் சட்டையில் குத்திவிட்டால் பேச்சு முடிந்தது. அவள் வரிசையைக் கடந்து அவன் எதிரே போய் நின்றாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"பூ வைக்கிறதுக்கு முன்னால, எங்க வீட்டுப் பொண்ணுங்க விருந்தாளிய வணங்கணும்," என்றாள்.

வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். பளபளக்கும் கோமேசி, இடுப்பில் பட்டுக்கச்சை. பாயில் மண்டியிட்டார்கள்.

"வணக்கம் அண்ணா," என்றாள் ஸ்பெசியோசா. "மான் குலத்துலேர்ந்து உங்க தங்கச்சி."

"மானா?" மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் ஒலிபெருக்கியில் கேட்டார். "அம்மா, எங்க பையன் புனுகு. வேற வீட்டுக்கு வந்துட்டீங்க." பந்தல் விழுந்து விழுந்து சிரித்தது. இதுவும் சடங்கு வேடிக்கை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"வணக்கம் அண்ணா. எறும்புத்தின்னிக் குலம்," என்றாள் கெவினா. "என்னை நர்சுன்னு சொல்லி அனுப்பினீங்களே."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"வணக்கம் அண்ணா. எருமைக் குலம். எங்கப்பாகிட்ட நெலத்த விக்கச் சொன்னீங்க. இப்ப அவரு அடுத்தவன் நெலத்துல கூலிக்குக் கொத்துறாரு."

நான்காவது பெண்ணும் தன் குலத்தைச் சொன்னாள். கிகோஸியின் கை அவனுடைய பாதிக் காதுக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் பெர்பெட்டுவா மண்டியிட்டாள். கோமேசிக் கையைத் தூக்கி முழங்கையைக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை அங்கே அப்படியே பதிந்திருந்தது.

"வணக்கம் அண்ணா. வெட்டுக்கிளிக் குலம். மசாகா சந்தை. எங்கம்மா காலடியில உக்காந்து சொன்னீங்க, நான் உங்க தங்கச்சி, உங்க பொறுப்புன்னு."

"இந்த அம்மாவ நான் பாத்ததே இல்ல," என்றான் கிகோஸி. குரல் ஒலிபெருக்கி இல்லாமலேயே முற்றம் முழுக்கக் கேட்டது.

பெண் வீட்டு மூப்பர் கம்பை ஊன்றி எழுந்தார். "தம்பி, பொறுமையாக் கேளு. வெட்டுக்கிளின்னு நீ சொன்னது நெசம்னா, எங்க பொண்ணு உனக்குத் தங்கச்சி மொறை. தங்கச்சியக் கட்டுறவனுக்கு இந்த ஊர்ல இடமில்ல. பொய்யின்னா, எதுக்குப் பொய் சொன்னேன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு."

அவன் தன் ஆட்களைப் பார்த்தான். பேச்சாளர் ஒலிபெருக்கியை மடியில் வைத்துவிட்டார். கேமராக்காரர்கள் மட்டும் நகரவில்லை, வாங்கின கூலிக்கு ஒழுங்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா... தொழிலுக்காகச் சொல்றதுதான்," என்றான் கிகோஸி. "நம்மாளுன்னு சொன்னாத்தானே ஜனங்க பயமில்லாம வருவாங்க. எல்லா ஏஜெண்டும் சொல்றதுதான்."

அவன் பந்தலிலேயே ஒரு தாய் எழுந்தாள். "அப்ப எங்கிட்ட மம்பா மீன் குலம்னு சொன்னது?" இன்னொருத்தி எழுந்தாள். "எம் பொண்ணு போயி ரெண்டு மாசமா போன் வரல. சிக்னல் இல்லன்னியே."

அப்போது ரெஸ்டி வெளியே வந்தாள். யாரும் கூப்பிடாமல் மணப்பெண் வரக்கூடாது, வந்தாள். சன்னலோரம் நின்று எல்லாம் கேட்டிருந்தாள். கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"டென்னிஸ், என்னை ஆபீஸ்ல உக்கார வைக்கிறேன்னியே. வர்ற பொண்ணுங்ககிட்ட நான் என்ன குலம்னு சொல்லணும்?"

அவன் அவளைத் தாண்டி நடந்தான். பெர்பெட்டுவா முன்னால் இரண்டு முழங்காலும் மண்ணில் பட விழுந்தான். விலை உயர்ந்த அங்கி புழுதியில் கிடந்தது.

"அத்தை, மன்னிச்சிருங்க அத்தை."

"அத்தைன்னு கூப்பிடாத. தங்கச்சின்னு கூப்பிடு. அப்படித்தானே கூப்பிட்ட?"

அவள் எழுந்து பூவைக் கசக்கி அவன் கொண்டுவந்த சர்க்கரை மூட்டையின் மேல் போட்டாள். பிறகு அந்தத் தாய்மாரைப் பார்த்துத் திரும்பினாள். "இவன் இங்கேர்ந்து போறதுக்கு முன்னால உங்க ஒவ்வொரு பொண்ணு இருக்கிற வீட்டுக்கும் போன் போட்டுக் குடுக்கட்டும். பொண்ணு குரலக் கேட்டாத்தான் விடணும். பாஸ்போர்ட்டு யாரு கையிலன்னு கேளுங்க. சாப்பிட்டாளான்னு கேளுங்க."

மாப்பிள்ளை வீட்டார் கூடைகளைத் திரும்ப லாரியில் ஏற்றினார்கள். காளை ஏற மறுத்து எவரிஸ்த்தோவின் மரவள்ளியை மேய்ந்தது. எவரிஸ்த்தோ தங்கையிடம் பேசவில்லை. ரெஸ்டி மட்டும் ஒரு முறை அருகில் வந்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை. இத்தனை பேரு முன்னால..."

"சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்ப. அவனும் தப்பிச்சிருப்பான்."

"நான் உனக்குத் தூண்டிலா?"

பெர்பெட்டுவா பொய் சொல்லவில்லை. "ஆமாடி," என்றாள். ரெஸ்டி கதவைச் சாத்திக்கொண்டாள். அது பெர்பெட்டுவாவுக்கு வலித்தது. ஆனாலும் அவளுக்கு வருத்தம் வரவில்லை.

விருந்துக்குச் சமைத்தது அப்படியே இருந்தது. வாழையிலையில் பொதிந்து அவித்த கோழி, ஆவி பறக்கும் வாழைக்காய் மத்தோக்கே. பெர்பெட்டுவா தன் தோழிகளோடு பந்தலின் நல்ல நாற்காலிகளில் உட்கார்ந்து இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். வாசலில் கார்களைச் சுற்றித் தாய்மார்கள் நின்றார்கள். நடுவில் நின்று அவன் ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தான். சில எண்கள் எடுபட்டன, சில எடுபடவில்லை. எடுபடாதபோது யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது.

வெயில் சாய்ந்த நேரத்தில் மூப்பர் வந்தார்.

"பெட்டுவா, அந்தப் பய ரொம்ப நேரமா நிக்கிறான். கால் நடுங்குது. ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?"

"இன்னும் எத்தனை பொண்ணு பாக்கி?"

"நிறைய இருக்கும்போல."

"நிக்கட்டும்," என்றாள் பெர்பெட்டுவா. கோழியில் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.